மருத்துவமனைகள் கைகோக்கும்போது நோயாளிக்கு என்ன நேரும்?

சென்ற மாதம் நம் வெளிநோயாளர் பிரிவின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. நம் மருத்துவமனை, பெரியதொரு மருத்துவமனைக் குழுமத்துடன் கூட்டாகச் செயல்படுவது குறித்துப் பேசி வருகிறது என்பதே அதன் சாரம். நான்கே வரிகள்தாம். மறுநாள் காலை டயாலிசிஸ் பிரிவுக்குள் நுழைந்தபோது, கணவருக்குத் துணையாக வரும் ஓர் அம்மா எழுந்து நின்று கேட்டார்: "ஆஸ்பத்திரியை வித்துட்டாங்களாமே டாக்டர்? இனிமே காப்பீட்டு அட்டையை வாங்குவாங்களா? இவருக்கு வாரம் மூணு நாள் மெஷின்ல போட்டாகணுமே."

அவருக்கு அப்போது எங்களால் கூற முடிந்தது, "விற்கவில்லை அம்மா, பேச்சுதான் நடக்கிறது" என்பது மட்டுமே. அது உண்மைதான், ஆனால் போதுமான விடையன்று. அடுத்த சில நாள்களில் அதே வினாவைப் பல குரல்களில் கேட்டோம். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், குழந்தையின் வலிப்புக்காக வருபவர் என ஒவ்வொருவரும் தத்தம் நிலையிலிருந்து அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானது. மருத்துவமனைகள் இணைவதும் பிரிவதும் கைமாறுவதும் வணிகப் பக்கச் செய்தியாக மட்டும் எழுதப்படுகின்றன. அவற்றின் விளைவு வந்து சேர்வதோ கட்டிலருகே. எனவே இவ்விதழில் அந்த வினாவுக்குச் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறோம்.

மூன்று ஏற்பாடுகள், மூன்று பொருள்கள்

"கைமாறிவிட்டது" என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் மூன்று வேறுபட்ட ஏற்பாடுகள் உள்ளன. உங்கள் மருத்துவமனையைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், இது எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

முதலாவது கூட்டாண்மை. இரு நிறுவனங்களும் தனித்தனியே நிற்கும். குறிப்பிட்ட ஒரு பணியில் மட்டும் உடன்படிக்கை செய்துகொள்ளும். இரத்தப் பரிசோதனைக் கூடத்தையோ, ஸ்கேன் பிரிவையோ, டயாலிசிஸ் பிரிவையோ வெளி நிறுவனம் ஒன்று நடத்தித் தருவது இவ்வகை. நாம் அனைவரும் அறிந்த 108 ஆம்புலன்ஸ் இதற்குச் சிறந்த சான்று. தமிழ்நாட்டில் 2008 முதல் இச்சேவை நடைபெறுகிறது. செலவை அரசு ஏற்கிறது. இயக்குவது, 2005-இல் ஹைதராபாத்தில் தோன்றிய ஈ.எம்.ஆர்.ஐ. என்னும் அமைப்பு. அதைத் தொடங்கியவர் சத்யம் நிறுவனத்தின் தலைவர். 2009-இல் சத்யம் கணக்கு மோசடி வெளிப்பட்டபோது அமைப்பின் பொறுப்பு ஜி.வி.கே. குழுமத்துக்கு மாறியது. நடத்துபவர் மாறியும் வண்டிகள் ஓடின. ஏனெனில் உடன்படிக்கையும் பணமும் கடமையும் அரசின் கையில் தெளிவாக இருந்தன. உரிமையாளர் யார் என்பதைக் காட்டிலும் உடன்படிக்கையில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதே முக்கியம் என்பதற்கு இது நல்ல பாடம்.

இரண்டாவது இணைப்பு அல்லது கையகப்படுத்தல். ஒரு நிறுவனம் மற்றொன்றை முழுமையாகவோ பெரும்பான்மையாகவோ தன்னுடையதாக்கிக்கொள்கிறது. மணிப்பால் மருத்துவமனைகள், இந்தியாவில் இயங்கிய கொலம்பியா ஏசியா மருத்துவமனைகளை 2021-இல் தம்முடன் சேர்த்துக்கொண்டது இவ்வகை. பெயர்ப்பலகை, கணினி மென்பொருள், கட்டணப் பட்டியல், மருந்துக் கொள்முதல் ஆகிய அனைத்தும் இங்கே மாறக்கூடும்.

மூன்றாவது முதலீடு. மருத்துவமனையின் பெயரும் ஊழியரும் அப்படியே இருப்பர். பங்குகள் மட்டும் கைமாறும். மலேசியாவைச் சேர்ந்த ஐ.எச்.எச். நிறுவனம் 2018-இல் ஃபோர்டிஸ் மருத்துவமனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. சிங்கப்பூரின் டெமாசெக் 2023-இல் மணிப்பால் குழுமத்தில் 59 விழுக்காடு அளவுக்குத் தன் பங்கை உயர்த்திக்கொண்டது. இந்திய மருத்துவமனைகளில் அயல்நாட்டார் நூறு விழுக்காடு வரை முதலீடு செய்ய 2000-ஆம் ஆண்டிலிருந்தே வழி திறந்திருக்கிறது. நோயாளியின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மாற்றம் இதுதான்.

ஏன் இணைகிறார்கள்?

மருத்துவமனை நடத்துவது பெருஞ்செலவு பிடிக்கும் தொழில். ஒரு கதிர்வீச்சுக் கருவியோ எம்.ஆர்.ஐ. கருவியோ பல கோடி ரூபாய் விலை பெறும். நாளொன்றுக்கு நான்கு நோயாளிகளுக்குப் பயன்பட்டாலும் நாற்பது பேருக்குப் பயன்பட்டாலும் அதன் கடன் தவணை ஒன்றே. தனித்து நிற்கும் நடுத்தர மருத்துவமனைகள் இங்கேதான் திணறுகின்றன. ஆனால் பணம் மட்டுமே காரணமன்று. மருத்துவக் காரணங்களும் உண்டு.

1979-இல் ஹெரால்டு லுஃப்ட் முதலிய ஆய்வாளர்கள் அமெரிக்காவின் 1,498 மருத்துவமனைகளில் பன்னிரண்டு வகை அறுவைச் சிகிச்சைகளின் முடிவுகளை ஒப்பிட்டனர். திறந்த இதய அறுவை, இரத்தக்குழாய் அறுவை போன்றவற்றை ஆண்டுக்கு 200 முறைக்கு மேல் செய்யும் இடங்களில், குறைவாகச் செய்யும் இடங்களைவிட இறப்பு 25 முதல் 41 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. கைப்பழக்கம் நாப்பழக்கத்திற்கு மட்டுமன்று, அறுவை மேசைக்கும் பொருந்தும். ஆயினும் அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் சொன்னது. பித்தப்பை நீக்கம் போன்ற சிகிச்சைகளில் எண்ணிக்கைக்கும் இறப்புக்கும் தொடர்பே காணப்படவில்லை. அதாவது, அரிய கடினமான சிகிச்சைகளை ஓரிடத்தில் குவிப்பதால் நன்மை உண்டு. எல்லாவற்றையும் பெருநகருக்கு அனுப்ப வேண்டியதில்லை.

இலண்டன் மாநகரம் இதைச் செயலில் காட்டியது. பக்கவாத நோயாளிகள் அங்கே ஏறக்குறைய முப்பது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டு வந்தனர். 2010-இல் அந்நகரம் எட்டே எட்டு மையங்களை இரவு பகல் இயங்கும் உயர் பக்கவாதச் சிகிச்சை மையங்களாக்கியது. நகரின் எப்பகுதியிலிருந்தும் ஆம்புலன்ஸ் அரை மணி நேரத்திற்குள் ஒன்றை அடையும்படி அவை அமைந்தன. அருகிலிருந்த சிறிய மருத்துவமனையைத் தாண்டிப் போவதா என்று மக்கள் தொடக்கத்தில் தயங்கினர். ஆனால் பின்னர் வெளிவந்த ஆய்வு, இங்கிலாந்தின் பிற பகுதிகளைக் காட்டிலும் இலண்டனில் பக்கவாத இறப்பு கூடுதலாகக் குறைந்ததைக் காட்டியது. எட்டு மையங்களை இடமறிந்து அமைத்ததும், ஆம்புலன்ஸ் ஏற்பாட்டை அதனுடன் பிணைத்ததும் இதற்குக் காரணம்.

சேர்ந்து வாங்குவதன் வலிமைக்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் வேண்டிய மருந்துகளை ஒரே ஒப்பந்தப்புள்ளி வழியாக வாங்கத் தொடங்கியது. மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம், வாங்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் தரப் பரிசோதனை என்பன அதன் முறை. பிற மாநிலங்கள் பலவும் அதைப் பின்பற்றின. எந்த மருத்துவமனையும் தன் பெயரையோ உரிமையையோ இழக்கவில்லை. வாங்கும் கை மட்டும் ஒன்றாயிற்று.

ஆய்வுகள் கூறும் மறுபக்கம்

இணைப்புகளை அறிவிக்கும்போது "சிறந்த சிகிச்சை, குறைந்த செலவு" என்னும் சொற்கள் தவறாமல் இடம்பெறும். அவை நிறைவேறுகின்றனவா என்பதை அமெரிக்காவில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்நாட்டின் நிலைமை நம்முடையதன்று. இருப்பினும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அவற்றில் உள்ளன.

2009-க்கும் 2013-க்கும் இடையே வாங்கப்பட்ட 246 மருத்துவமனைகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது. இறப்பு விகிதத்திலும், வீடு திரும்பியவர் மீண்டும் சேர்க்கப்படும் விகிதத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. நோயாளிகள் தம் அனுபவத்தைப் பற்றி அளித்த மதிப்பீடு மட்டும் சற்றுத் தாழ்ந்தது. விலையைப் பொறுத்தவரை, போட்டியின்றித் தனித்து இயங்கும் அமெரிக்க மருத்துவமனைகள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட போட்டியாளர்கள் உள்ள பகுதிகளைவிட 12 விழுக்காடு கூடுதலாகக் கட்டணம் பெறுவதை ஸாக்கரி கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் காட்டினர். ஒரே ஊரின் இரு மருத்துவமனைகள் ஒன்றாகும்போது நோயாளிக்கு "வேறிடம் போகிறேன்" என்று சொல்லும் வலிமை குறைகிறது என்பதே இதன் பொருள். நம் நாட்டிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குப் போட்டி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஆயினும் சிறு நகரங்களில் நிகழும் சிறிய இணைப்புகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழேயே நின்றுவிடும்.

தனியார் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிய 51 மருத்துவமனைகளை 259 பிற மருத்துவமனைகளுடன் ஒப்பிட்ட ஆய்வு 2023 இறுதியில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. மருத்துவமனையில் இருக்கும்போதே ஏற்படும் கேடுகள், அதாவது கீழே விழுதல், குழாய்வழித் தொற்று போன்றவை, வாங்கப்பட்ட இடங்களில் 25 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருந்தன. நோயாளி கீழே விழுவதும் குழாயில் தொற்று ஏற்படுவதும் பெரும்பாலும் செவிலியர் எண்ணிக்கையோடு தொடர்புடையவை என்பதை வார்டில் பணியாற்றும் எவரும் அறிவர்.

வீட்டை விற்று, அதே வீட்டில் குடியிருந்த கதை

முதலீடு எங்கே பிழைபடுகிறது என்பதை விளக்க அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நிகழ்வு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பாஸ்டன் நகரக் கத்தோலிக்கத் திருச்சபையின் கீழ் ஆறு மருத்துவமனைகள் இயங்கின. கடன் சுமையால் தத்தளித்த அவற்றை 2010-இல் செர்பரஸ் என்னும் முதலீட்டு நிறுவனம் வாங்கி, ஸ்டூவர்ட் என்று பெயரிட்டது. மூடப்படவிருந்த மருத்துவமனைகளுக்குப் பணம் வந்தது, மக்கள் மகிழ்ந்தனர். 2016-இல் அக்குழுமம் தன் மருத்துவமனைகளின் நிலத்தையும் கட்டடங்களையும் சொத்து நிறுவனம் ஒன்றுக்கு 125 கோடி டாலருக்கு விற்று, அதே கட்டடங்களுக்கு வாடகை கொடுக்கத் தொடங்கியது. கிடைத்த தொகையில் ஒரு பகுதி முதலீட்டாளருக்குச் சென்றது. மேலும் பல மாநிலங்களில் மருத்துவமனைகளை வாங்கவும் பயன்பட்டது.

நம் ஊர் வழக்கில் சொன்னால், சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பது போன்றது இது. விற்ற பணம் ஒருமுறை வந்துவிடும். வாடகை மாதந்தோறும் போய்க்கொண்டே இருக்கும். நோயாளர் வருகை குறைந்தாலும், கொரோனா வந்தாலும், வாடகை நிற்காது. நாளடைவில் மருந்து, கருவி வழங்குவோருக்குச் செலுத்த வேண்டிய தொகைகள் நிலுவையில் விழுந்தன. 2023-இல் பாஸ்டனில் ஒரு தாய் மகப்பேற்றுக்குப் பின் இரத்தப்போக்கினால் இறந்தார். இத்தகைய இரத்தப்போக்கை அடைக்கப் பயன்படும் உலோகச் சுருள்களை, விலை செலுத்தப்படாததால் வழங்கியவர்கள் சில வாரங்களுக்கு முன்பே திரும்ப எடுத்துச் சென்றிருந்தனர் என்ற செய்தியை அந்நகர நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. 2024 மே மாதம் ஸ்டூவர்ட் குழுமம் திவால் நீதிமன்றத்தை நாடியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று அதன் இரு மருத்துவமனைகள் மூடப்பட்டன. செர்பரஸ் நிறுவனமோ சில ஆண்டுகளுக்கு முன்பே விலகிவிட்டிருந்தது.

முதலீடு எல்லாமே தீது என்று நாங்கள் கூறவில்லை. 1983-இல் சென்னையில் அப்போலோ மருத்துவமனை தொடங்கப்பட்டபோதும் முதலீட்டாளர்களின் பணமே அதற்கு அடித்தளம். அயல்நாடு சென்று செய்துகொள்ள வேண்டியிருந்த இதய அறுவைகள் பல இங்கேயே கிடைக்கத் தொடங்கியதில் அத்தகைய முதலீட்டுக்குப் பங்குண்டு. கேட்க வேண்டிய வினா இதுதான்: வந்த பணம் மருத்துவமனைக்குள் கருவியாக, கட்டிலாக, செவிலியராக மாறுகிறதா? அல்லது மருத்துவமனையின் சொத்தே பணமாக மாறி வெளியே செல்கிறதா?

நம்மிடையே உள்ள வேறு வழிகள்

1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, மதுரையில் பதினொரு கட்டில்களுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பெரிய முதலீட்டாளர் எவரும் இல்லை. குடும்பத்தாரின் உழைப்பும் சொத்துமே முதல். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து மிஞ்சும் தொகையால் கட்டணமற்றோருக்குச் சிகிச்சை, எஞ்சியதை மீண்டும் மருத்துவமனையிலேயே இடுதல் என்பது அங்கே நெறியாயிற்று. தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என அது வளர்ந்தது, பிறரை வாங்கியதால் அன்று.

கண்புரை நீக்கியபின் பொருத்தும் செயற்கை வில்லை அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. ஏழை நோயாளிக்கு எட்டாத விலை. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையுடன் கைகோத்து, தொழில்நுட்பத்தைப் பெற்று, 1992-இல் அரோலேப் என்னும் உற்பத்திக்கூடத்தை மதுரையில் அமைத்தனர். இறக்குமதி விலையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வில்லையின் விலை இறங்கியது. தடித்த கண்ணாடியோடு காலம் கழித்த பல்லாயிரவருக்கு இயல்பான பார்வை கிடைத்தது. அதே ஆண்டு அரவிந்த் தொடங்கிய பயிற்சி நிறுவனம், பிற கண் மருத்துவமனைகளுக்குத் தன் முறைகளைக் கற்றுக்கொடுக்கிறது. அவற்றைத் தனக்குச் சொந்தமாக்கிக்கொள்வதில்லை. அறிவைப் பகிர்வதும் ஒரு கூட்டாண்மையே.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய பணி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாயிற்று. பட்டப்படிப்புக்கு உயர வேண்டிய நெருக்கடி வந்தபோது, ஒரு திருச்சபையின் பொருளுதவி போதவில்லை. பல திருச்சபைகள் ஒன்றுகூடிப் பொறுப்பேற்றன. 1942-இல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது, 1947-இல் ஆண் மாணவரும் சேர்ந்தனர். பெண்களுக்கென நிறுவிய இடத்தில் ஆண்களைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பும் இருந்தது. நிறுவனம் நிலைக்க வேண்டுமாயின் கூட்டு வேண்டும், கூட்டுக்கு ஒரு விலையும் உண்டு என்பதை அவ்வரலாறு மறைக்கவில்லை.

மாறும் நாள்களில் நழுவுவது

பெரிய வினாக்களை நிர்வாகங்கள் பேசிக்கொள்ளும். நோயாளிக்கு உடனடி இடர் பெரும்பாலும் சிறிய இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. ஒரு நிகழ்வைச் சொல்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்களில் சிலர் வேறோர் ஊரில் பணியாற்றிய மருத்துவமனை ஒரு குழுமத்தோடு இணைந்தது. ஒரு ஞாயிறு இரவில் பழைய கணினி மென்பொருள் நிறுத்தப்பட்டுப் புதியது இயங்கத் தொடங்கியது. பெயர், வயது, முகவரி, பழைய பரிசோதனை முடிவுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒவ்வாமை பற்றிய கட்டம் மட்டும் வரவில்லை. அதை எவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, சிறுநீர்த் தொற்றோடு சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவருக்கு நாங்கள் ஓர் எதிருயிரி மருந்தை எழுதினோம். செவிலியர் ஊசியோடு வந்தபோது, முதியவரின் மனைவி பையிலிருந்து ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். "சிஸ்டர், மருந்து பேரு என்னன்னு சொல்லுங்க" என்றார். பெயரைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே மருந்தால் அவர் கணவருக்கு மூச்சடைத்ததும், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் கிடந்ததும், தேதியோடு எழுதப்பட்டிருந்தன.

அன்று அவரைக் காத்தவை மென்பொருளுமில்லை, நாங்களுமில்லை. அந்த நோட்டுதான். அன்றிரவே மற்ற நோயாளிகளின் பழைய கோப்புகளைக் கையால் புரட்டி ஒவ்வாமைக் குறிப்புகளை மீண்டும் பதிந்தோம். அதை மென்பொருள் மாறுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். இப்போது நம் மருத்துவமனையில் பேச்சுவார்த்தை தொடங்கியதும் நாங்கள் நிர்வாகத்திடம் வைத்த முதல் கோரிக்கை அதுவே: பழைய முறையும் புதிய முறையும் சில வாரங்களேனும் இணையாக இயங்க வேண்டும், ஒவ்வாமைப் பட்டியலை மருத்துவரோ செவிலியரோ ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும்.

நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை

எந்த மாற்றம் வந்தாலும் பின்வருவனவற்றின் நகலை வீட்டில் ஒரு கோப்பில் வைத்திருங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர்: உங்கள் உலர் எடை, எந்தக் கையில் ஃபிஸ்டுலா உள்ளது, ஹெப்பாரின் அளவு, வாரத்திற்கு எத்தனை முறை, எத்தனை மணி நேரம், இரத்த ஊக்கி ஊசியின் அளவு. ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகளைத் தேதியோடு வைத்திருங்கள். வேறு மையத்தில் முதல் நாளே கேட்கப்படுவது இதுதான். இல்லையெனில் ஒரு நாள் வீணாகும். உங்களுக்கு ஒரு நாள் என்பது சிறிதன்று.

உறுப்பு மாற்று செய்துகொண்டோர்: டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை எந்த நிறுவனத் தயாரிப்பாக உட்கொள்கிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள். கொள்முதல் மாறும்போது மருந்தகத்தில் வேறு தயாரிப்பு தரப்படலாம். பெயர் ஒன்றாயினும் இரத்தத்தில் மருந்தின் அளவு வேறுபடக்கூடும். மாத்திரையின் நிறமோ உறையோ மாறியிருந்தால் உட்கொள்வதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். இரத்த அளவைப் பார்த்துக்கொள்வோம்.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர்: திசுப் பரிசோதனை அறிக்கை, இதுவரை பெற்ற மருந்தேற்றங்களின் எண்ணிக்கையும் அளவும். திசுக் கட்டைகளும் கண்ணாடி வில்லைகளும் எந்தக் கூடத்தில் உள்ளன என்பதையும் கேட்டு வையுங்கள்.

இதய நோயாளிகள்: ஸ்டென்ட் அல்லது பேஸ்மேக்கர் அட்டை, கடைசி எக்கோ அறிக்கை, இரத்தம் உறையாமைக்கான மருந்தின் அளவு.

இவற்றைக் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை. மருத்துவர்களின் நெறிமுறைகள் குறித்த 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்கள் மூன்று ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும். நோயாளியோ அவரால் அனுமதிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் நகல் தரப்பட வேண்டும். மருத்துவமனையின் பெயர் மாறியதால் இக்கடமை மறைந்துவிடாது.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய ஐந்து வினாக்கள்

ஒன்று: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இம்மருத்துவமனையின் அங்கீகாரம் தொடருமா? இத்திட்டத்தில் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆனால் அங்கீகாரம் மருத்துவமனை வாரியாகவும் சிகிச்சை வாரியாகவும் தரப்படுவது. பெரிய குழுமத்தின் ஒரு கிளையில் அட்டை செல்லுபடியானால் மற்றொரு கிளையிலும் செல்லும் என்று கருதிவிடாதீர்கள். தனியார் காப்பீடு உடையோரும் தம் நிறுவனத்தின் மருத்துவமனைப் பட்டியலில் புதிய பெயர் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: நடந்துகொண்டிருக்கும் சிகிச்சைக்கு எந்தக் கட்டணம்? ஆறு முறை மருந்தேற்றத்தில் மூன்று முடிந்திருக்கும்போது கட்டணம் மாறுமாயின், எஞ்சிய மூன்றுக்குப் பழைய மதிப்பீடே பொருந்துமா என்பதை எழுத்தில் பெறுங்கள்.

மூன்று: எந்தச் சிகிச்சை வேறிடத்திற்கு மாறும்? அவ்விடத்திற்குப் போய்வர என்ன ஏற்பாடு? இதய அறுவைக்காக ஒருமுறை அறுபது கிலோமீட்டர் செல்வது வேறு. டயாலிசிஸுக்காக வாரம் மும்முறை செல்வது வேறு.

நான்கு: என்னைப் பார்த்துவரும் மருத்துவரும் செவிலியரும் தொடர்வார்களா? மாறுவதாயின் எப்போது, யார் பொறுப்பேற்பார்?

ஐந்து: என் மருத்துவத் தகவல்கள் எவரெவர் கைக்குச் செல்லும்? சிகிச்சைக்காகப் பகிர்வதும் விளம்பரத்திற்காகப் பகிர்வதும் வெவ்வேறு.

இவ்வினாக்களை நோயாளியே கேட்க வேண்டும் என்பதில்லை. துணையாக வருவோர் கேட்கலாம். விடை வாய்மொழியாகக் கிடைத்தால், சொன்னவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலைப்பாடு

இக்கட்டுரை எழுதப்படும் நாள்வரை உடன்படிக்கை எதுவும் கையொப்பமாகவில்லை. கூட்டுச் செயல்பாடு நன்மை தரும் என்றே மருத்துவர்களாகிய நாங்கள் நம்புகிறோம். நம்மிடம் இல்லாத கதிர்வீச்சுக் கருவியும், இரவில் பக்கவாதத்தைக் கவனிக்கும் நரம்பியல் குழுவும் நம் நோயாளிகளுக்கு எட்டும் தொலைவில் வர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். அதே வேளையில், டயாலிசிஸ் பிரிவு இவ்வூரிலேயே இருக்க வேண்டும், காப்பீட்டுத் திட்ட நோயாளிகளுக்கான இடங்கள் குறையக்கூடாது, செவிலியர் எண்ணிக்கை குறையக்கூடாது என்ற மூன்றையும் உடன்படிக்கையிலேயே எழுத வேண்டுமென எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறோம். வாய்மொழி உறுதி ஆள் மாறினால் மறையும், எழுதியது நிற்கும்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சென்ற வாரம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எழுதி வாங்கிட்டு எங்களுக்கும் ஒரு நகல் குடுங்க டாக்டர்" என்றார். நியாயமான கோரிக்கை. உடன்படிக்கை முடிவானதும், நோயாளிகளைத் தொடும் பகுதிகளை எளிய தமிழில் இதே அறிவிப்புப் பலகையிலும் இவ்விதழிலும் வெளியிட வேண்டுமென நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். அதுவரை, உங்கள் நோட்டில் இன்றைய உலர் எடையை எழுதி வையுங்கள்.